போனில் வந்த பாலைவனம்

கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் கழித்துத்தான் தன் வீட்டுக்காரருக்குப் பேச வரும் என்பது சித்ராதேவிக்குத் தெரிந்தது.

அதுவரை அழகிரி பேசாத மனுஷன். கோபம் கிடையாது, முகச்சுளிப்பும் கிடையாது. சாம்பாரில் உப்பு குறைந்தாலும் சொல்ல மாட்டார், கூடினாலும் சொல்ல மாட்டார். பாய்லர் தொழிற்சாலையில் வெல்டர் வேலை. முகமூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாள் முழுக்க ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகமூடி முழுசாகக் கழன்றதில்லை என்று அவளுக்குத் தோன்றும். மகள் யமுனா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, எடமலைப்பட்டி புதூரில் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் மிக்ஸியும் ஃபேனும்தான் பேசிக்கொண்டிருந்தன.

சித்ராதேவிக்குப் பாலக்கரையில் ஒரு சின்ன லேபில் வேலை. காலை ஆறரைக்கெல்லாம் ஷட்டரைத் தூக்கிவிடுவாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பாள், சிறுநீர் டப்பாக்களில் பெயர் ஒட்டுவாள், பிறகு மத்தியானம் வரை மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பாள். செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், நடமாட முடியாத பெரியவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே ரத்தம் எடுத்து வருவாள். அவள் குத்தினால் ஊசி இறங்குவதே தெரியாது என்று பேர். முசிறியில் வாழைத் தோட்டத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். வாய்க்கால் சத்தம் கேட்காத இடம் எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

2023 செப்டம்பரில் அழகிரியை ராஜஸ்தானுக்கு அனுப்பினார்கள். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பாலைவனத்தில் ஒரு மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே பாய்லர் குழாய்களைப் பற்றவைக்க வேண்டும். பதினைந்து பதினாறு மாதம் ஆகும் என்றார்கள். முதல் நாலு நாள் மாலை ஏழு மணிக்கு போன் வந்தது. சாப்பிட்டாயா என்று அவர் கேட்டார், சாப்பிட்டேன் என்று இவள் சொன்னாள். நீங்க, என்று இவள் கேட்டாள், இனிமேத்தான் என்று அவர் சொன்னார். அதோடு சரி. இரண்டு பக்கமும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஐந்தாம் நாள் அந்த மூச்சுக்கு நடுவில் அழகிரி, "இன்னைக்கு ஒரு எலியைப் பாத்தேன்" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் தாண்டிப் போய் எலியா? ஆனால் அவர் தொடர்ந்து சொன்னார். மணல் நிறத்திலேயே இருக்குமாம். தங்கியிருக்கும் கொட்டகைக்குப் பின்னால் வளை வளையாக நூறு ஓட்டை. நம் ஊர் எலி மாதிரி இருட்டுக்குக் காத்திருக்காமல், வெயில் சாயும்போதே வெளியே வந்து இரண்டு காலில் நின்று பார்க்குமாம், யாருக்கோ காத்திருக்கிற மாதிரி.

"தண்ணிக்கு எங்க போகும்?" என்று கேட்டாள் சித்ராதேவி.

பாத்துட்டுச் சொல்றேன் என்றார். அடுத்த நாலு நாளும் ஷிஃப்ட் முடிந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எலி எங்கேயும் போகவில்லை. விதையைக் கொறித்தது, காய்ந்த புல்வேரைத் தோண்டியது, உள்ளே போனது. பக்கத்தில் ஒரு மூடியில் தண்ணீர் ஊற்றி வைத்தார். மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விட்டது.

அவள் செல்போனில் தேடிப் படித்தாள். தின்கிற காய்ந்த விதை உடம்பில் எரியும்போதே கொஞ்சம் தண்ணீர் உண்டாகிறது. அந்தக் கொஞ்சத்தையும் அதன் சிறுநீரகம் வெளியே விடுவதில்லை, கடைசிச் சொட்டு வரை பிழிந்து திரும்ப உடம்புக்கே அனுப்பிவிடுகிறது. மறுநாள் லேபில், கல்லடைப்பென்று வந்திருந்த ஒரு கொத்தனாரின் டப்பாவைக் கையில் எடுத்தாள். பழுப்பு நிறம். மனுஷ உடம்பு இதற்கு மேல் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது, இதுவே அதற்கு எல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த எல்லைக்கும் வெகுதூரம் அப்பால் ஒரு ஜீவன் சாதாரணமாக உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருக்கிறது. டப்பாவை வெளிச்சத்தில் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருப்பாள் போல. கூட வேலை பார்க்கும் ஜென்சி, என்னக்கா, ரத்தம் கலந்திருக்கா என்று கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் வழக்கமாக ரத்தம் கொடுக்கும் கோமளவல்லி மாமியிடம் இதைச் சொன்னாள். மாமிக்கு எண்பது வயசு, சர்க்கரை. ஊசியைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கேட்டுக்கொண்டே இருந்தவர், ஆச்சரியமாகச் சொன்னார்: "நாங்க பதினஞ்சு நாளைக்கு ஒரு ஏகாதசி நிர்ஜலமா இருந்துட்டுப் பெருமை பேசிக்கறோம். அது ஆயுசு முழுக்க ஏகாதசி இருக்கே. பகவான் அதுக்குன்னு என்ன சங்கல்பம் பண்ணியிருக்கார் பாரு."

அதற்குப் பிறகு ஏழு மணி என்பது சித்ராதேவிக்கு வேறு மாதிரி ஆயிற்று. எடமலைப்பட்டி புதூரில் அதற்குள் இருட்டியிருக்கும். மேற்குக் கோடியில் இருந்த அவருக்கு, குளிர்கால மாதங்கள் தவிர, இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். ஒரே நேரத்தில் இவள் இருட்டில் இருந்துகொண்டு அவருடைய வெளிச்சத்தைக் கேட்பாள். போனில் காற்று இரைகிற சத்தம் வரும். அது காற்றில்லை, மணல்தான் அப்படி ஓடுகிறது என்று அவர் சொன்னதும் காதில் போனை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

மார்ச்சில் ஒரு பல்லி வந்தது. முழ நீளம், வாலில் முள் முள்ளாக வளையங்கள். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்துவிட்டு வெளியே வந்ததாம். காலையில் கறுப்பாக இருக்கும். அப்போதுதான் வெயிலை வேகமாகக் குடிக்க முடியும். சூடேறியதும் வெளுத்து மணல் நிறமாகிவிடும். வெயில் தாங்க முடியாத நேரத்தில் வளைக்குள் இறங்கி, மண்ணைத் தள்ளி உள்ளிருந்தே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மேலே வெந்துகொண்டிருக்கும்போது இரண்டு முழத்துக்குக் கீழே குளிர்ச்சியாக ஒரு அறை. அவர் இதைச் சொல்ல இருபது நிமிஷம் ஆயிற்று. இவள் இடையிடையே கேட்டாள்: எந்தக் காலால் தள்ளும், வால் வெளியே தெரியுமா, உள்ளே மூச்சு எப்படி? தெரியாததைத் தெரியாது என்பார். மறுநாள் பார்த்துச் சொல்வார்.

மெல்ல அந்தப் பாலைவனம் இவள் மேல் படிய ஆரம்பித்தது. பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது கோடை மணல் பளீரென்று விரிந்து கிடக்கும். ஜன்னலில் தலை சாய்த்திருப்பவளுக்கு அது கரையில்லாமல் நீண்டுகொண்டே போகும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து கண்டக்டர் குரல் கொடுக்கும்வரை மணலிலேயே போய்க்கொண்டிருப்பாள். ஒருநாள் கனவில் லேபின் பெஞ்சில் எலிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் வெறும் வயிற்றோடு வந்திருந்தன. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு சின்ன டப்பா, டப்பாக்களுக்குள் ஒன்றுமே இல்லை. அவள் சிரத்தையாக ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டினாள். தரையில் கணுக்கால் வரை மணல் ஏறியிருந்தது. அது அவளுக்குத் தொந்தரவாகவே இல்லை.

மே மாதக் கடைசியில் இரண்டு நாள் போன் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர்கூட வேலை பார்க்கும் பிரவீன்ராஜ் கூப்பிட்டான். திருவெறும்பூர்ப் பையன். அக்கா, பயப்படாதீங்க என்று ஆரம்பித்தான். நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் அண்ணன் பாய்லர் மேல் மயங்கி விழுந்துவிட்டார். டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இப்போது நினைவு வந்துவிட்டது. சித்ராதேவி அழவில்லை. ரிப்போர்ட்டை அனுப்பு என்றாள். வாட்ஸப்பில் வந்த தாளில், சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒன்றையொட்டி நிற்க வேண்டிய கிரியாட்டினின், மூன்று புள்ளி ஒன்று என்றிருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் தாளில் அந்த மாதிரி எண்ணைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறாள், வாங்கிக்கொண்டு போகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல். இப்போது அந்த எண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

லேபை ஜென்சியிடம் விட்டுவிட்டு அன்று மாலையே கிளம்பினாள். சென்னை போய், அங்கிருந்து ஜோத்பூர் ரயில். தமிழ்நாட்டைத் தாண்டி அவள் போவது அதுதான் முதல்முறை. ஜன்னலுக்கு வெளியே பச்சை குறைந்துகொண்டே வந்தது. முதலில் வாழை போயிற்று, பிறகு நெல் போயிற்று, பிறகு குளங்கள். இரண்டாம் நாள் மத்தியானம் மரங்களும் ஒன்றுக்கொன்று எட்டிப் போய் நின்றன. ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் பிரவீன்ராஜின் செய்தி வந்தது: இரண்டு புள்ளி நாலு, ஒன்று புள்ளி ஒன்பது. எண் இறங்க இறங்க வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அரைத் தூக்கத்தில் இருந்தாள். தான் போகிற இடம் தனக்குப் பழகிய இடம்தான் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து அவளைப் பிடித்துவைத்திருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழகிரி பாதியாக இருந்தார். உதடு வெடித்து, கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அவள் முதலில் பாட்டில் சரியாக இறங்குகிறதா என்று பார்த்தாள், பிறகு மூத்திரப் பையின் நிறத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று பிரவீன்ராஜ்தான் சொன்னான். அறுபது மீட்டர் உயரத்தில் வேலை. தண்ணீர் குடித்தால் மூத்திரம் வரும், வந்தால் கீழே இறங்கி ஏற வேண்டும், அதற்கு அரை மணி நேரம் போகும் என்று காலையிலிருந்து அண்ணன் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை.

சித்ராதேவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன எலியா?" என்றாள்.

அழகிரி சிரிக்கப் பார்த்தார். வெடித்த உதட்டில் ரத்தம் துளிர்த்தது. அவள் தன் புடவைத் தலைப்பால் ஒற்றினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆறாம் நாள் எண் ஒன்று புள்ளி இரண்டுக்கு வந்ததும் விட்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் வெயிலில் போகக்கூடாது என்றார்கள். குடும்பத்தோடு தங்க சைட் அதிகாரிகள் ஒரு அறை கொடுத்தார்கள், ஓரத்தில், மணலைப் பார்த்த மாதிரி. நேருக்கு நேராக உட்கார்ந்ததும் அவர் பேச்சு பழையபடி நின்றுவிட்டது. போனில் அத்தனை பேசியவர் எங்கே போனார் என்று அவள் குழம்பினாள். இரண்டாம் நாள் விடியலில் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு, வா என்பதுபோலத் தலையை அசைத்தார். போனார்கள்.

அவர் எதையும் விளக்கவில்லை. சுட்டிக் காட்டினார், அவ்வளவுதான். அதோ வளை. அதோ வாலின் தடம், ராத்திரி போயிருக்கிறது. எலி வந்து இரண்டு காலில் நின்றது. அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக, அவள் நினைத்தே பார்க்காத அளவு அழகான கண்ணோடு இருந்தது. பல்லி ஒன்று கறுத்த உடம்பைச் சூரியனுக்குக் காட்டிப் படுத்திருந்தது. எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. பேர் சொல்லிக் கூப்பிடலாம் போல இருந்தது. மணல் இன்னும் குளிர்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கான்கிரீட்டுக்காகத் தண்ணீர் தேக்கியிருந்த குட்டை ஒன்று இருந்தது. சூரியன் கொஞ்சம் மேலேறியதும் அங்கே பறவைகள் கூட்டமாக வந்து இறங்கின. புறா அளவு, கௌதாரி நிறம். குடித்துவிட்டுப் பெட்டைகள் பறந்துவிட்டன. சில ஆண் பறவைகள் மட்டும் போகவில்லை. தண்ணீருக்குள் வயிறு வரை இறங்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடின. குளிக்கிறதா என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

குளிக்கவில்லை என்றார் அழகிரி. எங்கேயோ பல மைல் தள்ளி மணலில் குஞ்சுகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பறக்கத் தெரியாது. ஆண் பறவை நெஞ்சு இறகில் தண்ணீரை ஊறவைத்து எடுத்துப் போகிறது, குஞ்சுகள் வந்து அந்த இறகைச் சப்பிக் குடிக்கும். இங்கே வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவர் சொன்னாராம். ஒரு பறவை நனைந்த வயிற்றோடு கனமாக எழும்பி, ஒரு வட்டம் போட்டு, மேற்கே போய்ப் புள்ளியாகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யமுனா பொறந்தப்ப நான் ஒடிசா சைட்ல இருந்தேன்" என்றார் அவர்.

"தெரியுமே."

"நாப்பத்தொரு நாள் கழிச்சு வந்துதான் பாத்தேன்."

அவர் அந்த நாட்களை எண்ணி வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. குட்டையில் அலை அடங்கும்வரை இருந்துவிட்டு, வெயில் சுடுமுன் அவர் கையைப் பிடித்து அறைக்கு அழைத்து வந்தாள்.

ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருந்தபோது பக்கத்துக் கிராமத்தில் ஒட்டகங்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. ரத்தத்தில் ஒரு கிருமி பரவி ஒட்டகங்கள் மெலிந்துபோகின்றனவாம். கால்நடை டாக்டர் ஒவ்வொன்றாகக் காதுநுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி எடுத்துக்கொண்டிருந்தார். சித்ராதேவி வேலியோரம் நின்று பார்த்தாள். ஒட்டகம் திமிலில் தண்ணீர் வைத்திருக்கிறது என்பது பொய், அது கொழுப்பு என்று அவளுக்கு இப்போது தெரியும். பல நாள் காய்ந்து கிடந்துவிட்டு ஒரே மூச்சில் நூறு லிட்டர் குடிக்கும் என்பதும் தெரியும். அதுதான் அவளை உறுத்தியது. படிக்கிற காலத்தில் ஒரு துளி ரத்தத்தை வெறும் தண்ணீரில் விட்டுக் காட்டுவார்கள். சிவப்பணுக்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடித்துப்போகும். அப்படியானால் இத்தனை தண்ணீரையும் ஒரேயடியாகக் குடித்துவிட்டு ஒட்டகம் எப்படி உயிரோடு நிற்கிறது?

அழகிரி தனக்குத் தெரிந்த ஹிந்தியில் டாக்டரிடம் போய், இவள் லேபில் வேலை பார்க்கிறவள், ஒரு துளி வேண்டுமாம் என்று கேட்டார். யாரிடமும் எதையும் கேட்காத மனுஷன், கூட்டத்துக்கு நடுவே போய்க் கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு தகட்டை அவள் கையிலேயே கொடுத்தார். ஒட்டகம் மேலிருந்து நீண்ட இமைகளைத் தாழ்த்தி அவளைப் பார்த்தது. துளி விழுந்ததும் இன்னொரு தகட்டைச் சாய்த்து வைத்து, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் இழுத்தாள். நாக்கு வடிவத்தில் மெல்லிசாகப் படிந்தது. டாக்டர் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் உதவியாளரிடம் காட்டினார், இப்படித்தான் இழுக்கணும் என்கிற மாதிரி. துளி கெடாமலிருக்க டாக்டரிடமிருந்த மெத்தனாலில் முக்கிக் காயவைத்து, பஞ்சில் சுற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பாலக்கரைக்குத் திரும்பிய மறுநாள், கூட்டம் குறைந்த பதினொரு மணிக்கு அதற்குச் சாயம் ஏற்றினாள். தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருகினாள். முதலில் ஊதா மங்கல். பிறகு தெளிந்தது.

வட்டமில்லை. ஆயிரக்கணக்கான மனிதர்களின் ரத்தத்தில் அவள் பார்த்த அந்த வட்டம் ஒன்றுகூட இல்லை. சிவப்பணுக்கள் அத்தனையும் வெள்ளரி விதை மாதிரி நீண்டிருந்தன, மெலிசாக, வழுக்கிக்கொண்டு போகிறவை மாதிரி. ரத்தம் வற்றிக் கெட்டியானாலும் இடுக்கில் நுழைந்து ஓடும். தண்ணீர் வந்து மோதினால் இரண்டு மடங்குக்கு மேல் உப்பி இடம் கொடுக்கும், வெடிக்காது. வெளியே ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது கேட்கவில்லை. தகட்டை மெல்ல நகர்த்த நகர்த்த, மணல் மேட்டின் மேல் ஏறி இறங்குவது போலவே இருந்தது. எத்தனை நேரம் குனிந்திருந்தாளோ, ஜென்சி தோளைத் தொட்டுத் தானும் பார்க்கக் கேட்டாள். பார்த்துவிட்டு, இது யாருக்குக்கா, என்ன வியாதி என்றாள். வியாதி இல்லை, நல்ல ஆரோக்கியம் என்று சித்ராதேவி சொன்னாள்.

அன்று மாலை ஏழு மணிக்கு முதல்முறையாக அவள் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து 2025 ஜனவரியில் அழகிரி ஊருக்கு வந்துவிட்டார். கோடையில் பாய்லருக்குள் இறங்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால், பற்றவைத்த இடங்களைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சித்ராதேவியே அவருக்கு ரத்தம் எடுக்கிறாள். எண் ஒன்றைத் தாண்டவில்லை. அந்தத் தாளை மட்டும் அவள் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பாள். பையில் இரண்டு லிட்டர் பாட்டிலோடுதான் அவர் வேலைக்குப் போகிறார்; திரும்பி வரும்போது அது காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

முதல் சில வாரம் வீடு பழையபடிதான் இருந்தது. இங்கே சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அவர் நினைத்தாரோ என்னவோ, சோற்றைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அங்கே இருந்த காலத்தை அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். பேச்சில் எலி வந்த அந்த முதல் நாளை நினைத்தாள். அதற்கு முன்னால் இருபத்தோரு வருஷத்தில், அவர் சொன்ன எதையாவது பிடித்துக்கொண்டு தான் இன்னொரு கேள்வி கேட்டதுண்டா என்று யோசித்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள். மின்சாரம் போயிருந்தது. மொட்டை மாடியில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறியிருக்கிறது, ஒரு கிளை முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கிறது என்று அழகிரி சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம்போல நிறுத்திக்கொண்டார்.

"பகல்லயும் அப்படியே கெடக்குதா?" என்று சித்ராதேவி கேட்டாள். "எங்கயும் நகரலையா?"

அழகிரி நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.